'அவ ஏன் மச்சம் விட்டவ?': திருகோணமலையில் ஹான் காங்கின் 'மரக்கறி'யை வாசித்த ஒரு வட்டம் – நிகழ்வு ஆய்வு

திருகோணமலையில் மச்சம் விடுவது, அதாவது மீன் இறைச்சி சாப்பிடாமல் விடுவது, ஒரு செய்தியே அல்ல. வெள்ளிக்கிழமை விடுபவர்கள் இருக்கிறார்கள், செவ்வாயையும் சேர்த்து விடுபவர்கள் இருக்கிறார்கள். கந்தசஷ்டிக்கு 6 நாள், கேதாரகௌரிக்கு 21 நாள், புரட்டாதிச் சனி, வீட்டில் ஒரு சாவு நடந்தால் அந்தியேட்டிச் சடங்கு முடியும் வரை. ஆயுள் முழுக்க விட்டுவிட்ட ஒரு பெரியம்மாவோ மாமியோ இல்லாத சைவக் குடும்பம் குறைவு. போயா என்ற பௌர்ணமி விடுமுறை வந்தால் இறைச்சிக் கடைக்கே பூட்டு. இப்படியான ஊரில், ஒரு பெண் இனி இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று சொன்னதும் ஒரு குடும்பமே சரிந்துவிழும் நாவலைக் கையில் கொடுத்தால் வாசகர் என்ன செய்வார்? முதல் அமர்வில் பாதிப்பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். இதில் என்ன பிரச்சினை என்றே அவர்களுக்கு விளங்கவில்லை.

அந்த உதட்டுப் பிதுக்கல்தான் இந்த ஆய்வின் தொடக்கம். எது சாதாரணம், யார் அதற்கு வெளியே நிற்கிறார் என்பதுதான் நாவலின் பேச்சு. அந்தக் கோடு, நாவல் நடக்கும் தென்கொரியாவின் சோல் நகரத்தில் ஓடும் இடம் வேறு, இங்கே ஓடும் இடம் வேறு. கோடு இடம் மாறியதால் வாசிப்பு எங்கே தடக்கியது, என்ன செய்தபின் நிமிர்ந்தது, எது கடைசிவரை சரிவரவில்லை என்பவற்றை இங்கே பதிகிறோம். வாசகர் எவரையும் அடையாளம் காட்டவில்லை. தேவைப்பட்ட இடத்தில் தொழில் மட்டும் வரும்.

நூலைப் பற்றித் தேவையான அளவு

ஹான் காங் 1970இல் தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் பிறந்தவர். இந்த நாவல் கொரிய மொழியில் 2007இல் நூலாக வந்தது. முதலில் தனித்தனியே வெளியான மூன்று குறுநாவல்களின் கோவை அது. நடுப்பகுதியான 'மங்கோலிய மச்சம்' 2005இல் யி சாங் இலக்கிய விருது பெற்றது. டெபோரா ஸ்மித்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2015இல் வெளியாகி, 2016இல் மான் புக்கர் சர்வதேசப் பரிசை வென்றது. 50,000 பவுண் பரிசுத்தொகை எழுதியவருக்கும் மொழிபெயர்த்தவருக்கும் சரிபாதியாகப் போனது. 2024இல் ஹான் காங்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. தமிழில் சமயவேலின் மொழிபெயர்ப்பு 'மரக்கறி' என்ற பெயரில் இருக்கிறது.

மூன்று பகுதி, மூன்று பார்வை. முதலாவதை, இறைச்சியை விடும் யொங்ஹேயின் கணவன் சொல்கிறான். இரண்டாவது அக்காவின் கணவனான வீடியோக் கலைஞனின் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறது. மூன்றாவது அக்கா இன்ஹேயோடு போகிறது. கதை முழுக்க யொங்ஹேயைப் பற்றியது. ஆனால் அவள் வாயால் ஒரு பகுதியும் சொல்லப்படுவதில்லை. முதல் பகுதிக்கு இடையிடையே வரும் கனவுத் துண்டுகள் மட்டுமே அவளுடைய குரல்: இருண்ட காடு, தொங்கும் இறைச்சி, இரத்தத்தில் தெரியும் முகம். இந்த அமைப்பு பிடிபடாதவரை நாவலைப் பற்றி என்ன கதைத்தாலும் அது வழுக்கிக்கொண்டே போகும்.

ஒழுங்கு செய்த விதம், அதிலிருந்த பிழைகள்

13 பேர், 5 பிரதிகள். மூன்று தமிழ், இரண்டு ஆங்கிலம். ஆசிரியர்கள், ஒரு தாதி, பல்கலைக்கழக மாணவர்கள், இளைப்பாறிய அரச ஊழியர்கள், மீன்பிடிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண், கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் ஆசிரியைகள். அமர்வுகளைப் போயா நாள் பின்னேரம் 3 மணிக்கு வைத்தோம். அரச விடுமுறை, ரியூசன் இல்லை, தமிழர் முஸ்லிம்கள் இருவருக்கும் வசதி. பகுதிக்கு ஒரு போயா, நாலாவது போயா முழு நூலுக்கும்.

ஒரு பிரதி மூன்று பேருக்குள் சுற்றியது, ஆளுக்கு 9 நாள். கணக்குப் பார்க்கச் சரிதான். நடைமுறையில் முதலாமவர் 15 நாள் வைத்திருந்தால் மூன்றாமவர் அமர்வுக்கு முதல்நாள் இரவு வாசிக்கிறார். இந்த நாவலை ஒரே இரவில் வாசித்தவர்கள் மூன்று பகுதியிலும் கதையை மட்டும்தான் பிடித்தார்கள். கனவுத் துண்டுகளைத் தாண்டிப் போயிருந்தார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து புத்தகம் கைமாறும் திகதியை உள்ளட்டையில் பென்சிலால் எழுதி ஒட்டினோம்.

இரண்டாவது பிழை பக்க எண். தமிழ்ப் பிரதியும் ஆங்கிலப் பிரதியும் கலந்த மேசையில் பக்க எண்ணைச் சொல்வதில் பயனில்லை. தேடியே நேரம் போய்விடும். ஒவ்வொரு பகுதியிலும் 7, 8 காட்சிகளுக்குப் பெயர் வைத்து ஒரு தாளில் எழுதிக்கொடுத்தபின் இது தீர்ந்தது: 'குளிர்சாதனப் பெட்டி', 'முதலாளியோடு விருந்து', 'அப்பாவின் கை', 'நீரூற்று வாங்கு' என்று.

மூன்றாவது, முன்னறிவித்தல். மணிக்கட்டை அறுத்துக்கொள்ளும் காட்சி, மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்தும் இடங்கள், குழாய் வழியே பலவந்தமாக ஊட்டும் காட்சி ஆகியவை இந்நூலில் உண்டு. இவற்றை முதல் அறிவித்தலிலேயே எழுதியிருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது போதவில்லை. ஒருவர் முதல் அமர்வின் நடுவில் எழுந்து போனார். பிறகு அறிவித்தல்தாளின் அடியில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தைப் போட்டோம். உளவளத்துணைப் பயிற்சி உள்ள ஒருவரைக் கதவருகே இருக்கச் சொன்னோம். விரும்பியவர் காரணம் சொல்லாமல் வெளியே போய் வரலாம் என்பதும் விதியானது. காரணம் சொல்லாமல் என்ற அந்தச் சொல் இந்த நாவலோடு எவ்வளவு நெருங்கியது என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் அமர்வு: தலைப்பிலேயே தடக்கம்

'மரக்கறி' என்ற சொல் இலங்கையில் சந்தைச் சொல். மரக்கறிக் கடை, மரக்கறி விலை, மரக்கறிச் சாப்பாடு. கத்தரிக்காயும் பயற்றங்காயும் மரக்கறி. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் 'காய்கறி' என்பதால் அங்கே இந்தத் தலைப்புக்குக் கொஞ்சம் அந்நியத்தன்மை இருக்கக்கூடும். இங்கே அது கிடையாது. அட்டையைப் பார்த்ததும் சமையல் புத்தகமா என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் அதே சொல்லுக்குள் 'மரம்' இருக்கிறது. மூன்றாம் பகுதி வாசித்தபின் அந்த 'மரம்' கண்ணில் பட்டவர்களுக்கு, தினமும் சந்தையில் சொல்லும் சொல் வாய்க்குள் கனத்தது. கொரியத் தலைப்பிலோ ஆங்கிலத் தலைப்பிலோ இது இல்லை. தமிழில் மட்டும் கிடைக்கும் ஒன்று.

முதல் அமர்வில் வந்த எதிர்வினைகளில் மூன்று திசைகள் தெரிந்தன. ஒன்று, மேலே சொன்ன அலட்சியம்: சைவமாக மாறியிருக்கிறாள், நல்லதுதானே. இரண்டாவது, வீணாக்கியதற்கான கோபம். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, கணவாய், விலாங்கு எல்லாவற்றையும் யொங்ஹே காலையில் குப்பைப் பைக்குள் போடுகிறாள். மீன்பிடிக் குடும்பத்துப் பெண் அந்தப் பட்டியலை உருப்படி உருப்படியாக இன்றைய சந்தை விலையில் கணக்குப் போட்டார். கணவாயை எறிந்த கையை அவரால் மன்னிக்க முடியவில்லை. கணவனும் அதே இடத்தில் காசைத்தான் நினைக்கிறான் என்று இன்னொருவர் காட்டியபோது அவர் முகம் மாறியது. தான் அவன் பக்கம் நின்றுவிட்டது தெரிந்தது. அந்த ஒரு நிமிடம் முழு அமர்வையும்விடப் பெறுமதியானது.

மூன்றாவது: அவளுக்கு விசர். இது ஆண்கள் தரப்பில் கூடுதலாக வந்தது. அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டிய கேஸ் என்ற, ஊரில் எல்லோர் வாயிலும் வரும் பேச்சும் கூடவே வந்தது.

சைவம் என்ற முடிவோடு அமைதியாக இருந்தவர்களை நாவலே இரண்டு இடத்தில் குழப்பியது. முட்டையோடு பாலையும் அவள் விட்டுவிடுகிறாள். பால் விட்ட சைவத்தை இங்கே யாருக்கும் தெரியாது. அபிஷேகத்துக்கே பால்தான். அடுத்தது, பகுதியின் கடைசி. ஆஸ்பத்திரி வளவில் மேற்சட்டையில்லாமல் வாங்கில் இருப்பவளின் மூடிய கையைத் திறந்தால், பல் பட்ட தழும்போடு ஒரு சின்னக் குருவி. இது எந்தச் சைவம்? அமர்வு நடத்துபவர்களுக்கு ஒரு ஆலோசனை: விவாதத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கவேண்டாம், குருவியில் தொடங்குங்கள். நாங்கள் வரிசைப்படி போய் ஒரு மணித்தியாலத்தைச் சாப்பாட்டு விவாதத்தில் இழந்தோம்.

அப்பாவின் கை வந்த இடத்தில் மட்டும் எல்லோரும் ஒன்றானார்கள். குடும்ப விருந்தில் அப்பா மகளை அறைந்து, பன்றியிறைச்சியை அவள் வாய்க்குள் திணிக்கிறார். மச்சம் விடுவதைப் பெரிதாக எடுக்காத அதே வாசகர்களுக்கு, விட்டவளின் வாய்க்குள் திணிப்பது பொறுக்க முடியாத பாவம். அது பன்றி என்பதால் கிண்ணியா ஆசிரியைகளுக்கு அந்தக் காட்சி இன்னொரு மடங்கு கனமானது. அவர்களில் ஒருவர் அந்தப் பந்தியைத் தாண்டி வாசிக்க இரண்டு நாள் எடுத்ததாகச் சொன்னார். கொரிய வாசகருக்குப் பன்றியிறைச்சி சாதாரண விருந்துச் சாப்பாடு. எழுத்தாளர் எண்ணியிராத ஒரு வன்முறை இங்கே கூடுதலாகச் சேர்கிறது. அதைத் 'தவறான வாசிப்பு' என்று திருத்தப் போகவில்லை. போயிருந்தால் பிழை எங்களுடையது.

'ஏன்' என்ற கேள்வியைக் குறித்துக்கொண்டு வாசித்தது

முதல் அமர்வு முடியும்போது ஒன்று தெளிவானது. சாப்பிடாமல் இருக்கும் பெண்ணை இந்த ஊர் ஏற்றுக்கொள்ளும். காரணம் சொல்லாத பெண்ணைத்தான் ஏற்றுக்கொள்ளாது. உண்ணாமைக்குத் தமிழில் மரியாதையான வீடுகள் நிறைய. விரதம் இருக்கிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1987 செப்டெம்பரில் நல்லூரில் தண்ணீரும் அருந்தாமல் இறந்த திலீபனையும், 1988 ஏப்ரலில் மட்டக்களப்பில் இறந்த அன்னை பூபதியையும் அறியாதவர் அந்த அறையில் இல்லை. நோன்பு இருக்கிறது. எல்லாவற்றிலும் கேட்பவருக்குச் சொல்ல ஒரு காரணம் உண்டு: கடவுள், மானம், கோரிக்கை. யொங்ஹேயிடம் இருப்பது ஒன்றுதான்: கனவு கண்டேன் என்கிறாள். யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறாள். அது எந்த வீட்டுக்குள்ளும் அடங்கவில்லை.

ஆகவே முதல் பகுதியைத் திரும்ப வாசிக்க வைத்தோம், கையில் பென்சிலோடு. மூன்று குறிகள் போதும். அவளிடம் யாராவது காரணம் கேட்கும் இடத்தில் 'ஏ'. அவள் கனவைப் பதிலாகச் சொல்லும், அல்லது கனவு தானே வரும் இடத்தில் 'க'. அவள் கேட்காமல் யாராவது அவள் உடம்பில் கை வைக்கும் இடத்தில் 'தொ'. குறி ஓரத்தில் இருக்கவேண்டும், வரிக்கு அடியில் கோடு இழுக்கக்கூடாது. பிரதி மற்றவர் கைக்கும் போகவேண்டும்.

இதன் பலன் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. 'ஏ' பெரும்பாலும் முன்பக்கங்களில் நிற்கிறது. கேட்டுப் பார்த்து, பதில் பிடிக்காமல், மனிதர்கள் கேட்பதை விடுகிறார்கள். கேள்வி குறையக் குறைய 'தொ' நெருங்குகிறது: இரவில் கணவன், விருந்தில் அப்பா, ஆஸ்பத்திரியில் கருப்பு ஆட்டு மருந்தோடு அம்மா. இரண்டாம் பகுதியில் தூரிகை, மூன்றாம் பகுதியில் குழாய். கடைசிப் பகுதிவரை இந்த மூன்று எழுத்தையும் தொடர்ந்து போட்டவர்கள், சாப்பாட்டைப் பற்றிக் கதைப்பதைத் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். அவளுடைய உடம்பு யாருடைய பொறுப்பு என்ற விவாதம் அதன் இடத்தில் வந்தது. நாவலுக்குள் போகும் வாசல் அதுதான் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

ஒரு சின்னக் கவனிப்பு. குறிப்பெடுத்தவர் பேசியவர்களின் சொற்களை அப்படியே எழுதியிருந்தார். முதல் அமர்வுக் கொப்பியில் யொங்ஹே 'அவள்'. மூன்றாம் அமர்வில் பலர் 'அவ' என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் பேச்சில் 'அவள்' என்பதற்கும் 'அவ' என்பதற்கும் இடையில் ஒரு கதிரை தூரம் மரியாதை. இருக்கச் சொல்கிறோம், கதைக்க விடுகிறோம். யாரும் திட்டமிட்டு மாற்றவில்லை. வாசக எதிர்வினையை அளக்க வேறு கருவி தேவையில்லை என்று படுகிறது. குறிப்பெடுப்பவர் எழுத்துத்தமிழாக்கித் திருத்தி எழுதினால் இந்தச் சான்று அழிந்துபோகும்.

இரண்டாம் அமர்வு: இரண்டு மச்சம்

'மங்கோலிய மச்சம்' என்ற தலைப்பை வாசித்ததும் ஒரு மாணவி சிரித்தார். காரணம் கேட்டபோது எல்லோருக்கும் விளங்கியது. மீன் இறைச்சியும் மச்சம், உடம்பில் இருக்கும் மறுவும் மச்சம். முதல் பகுதியில் ஒரு மச்சத்தை விட்டவள், இரண்டாம் பகுதியில் இன்னொரு மச்சத்துக்காகத் துரத்தப்படுகிறாள். தற்செயலாக அமைந்த ஒற்றுமைதான், கொரிய மூலத்தில் இதற்கு வேரில்லை. ஆனாலும் அன்றைய உரையாடலைத் திறந்தது அதுதான். அவள் எதை விட்டாலும், மற்றவர்கள் சாப்பிடுவதற்கு அவளிடம் இன்னொன்றைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று அந்த மாணவியே தொடர்ந்து சொன்னார்.

மங்கோலிய மச்சம் என்பது பிறந்த குழந்தையின் இடுப்புக்குக் கீழே தெரியும் நீலச் சாம்பல் நிறத் திட்டு. தெற்காசியக் குழந்தைகளிலும் சாதாரணம். சில வருடங்களில் பெரும்பாலும் மறைந்துவிடும். அறையிலிருந்த தாய்மார்களுக்கு உடனே பிடிபட்டது, ஆண்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அடிபட்ட கண்டல் என்று பிழையாக எடுக்கப்படுவதுண்டு என்று தாதி சேர்த்துச் சொன்னார். அடிவாங்கி வளர்ந்த ஒருத்தியின் உடம்பில் அப்படியொரு அடையாளம் வளர்ந்தபின்னும் இருக்கிறது என்பது அந்தத் தகவலுக்குப் பிறகு வேறுமாதிரி ஒலித்தது.

இந்தப் பகுதியில் நாங்கள் எதிர்பாராத சிக்கல் உறவுமுறை. ஆங்கிலத்தில் அக்காவின் கணவன், மனைவியின் சகோதரன், கணவனின் சகோதரன் எல்லோருக்கும் ஒரே சொல். கொரிய மொழியில் அப்படியில்லை. அவள் அவனை 'ஹியொங்பு' என்பாள், அவன் அவளை 'சொஜே' என்பான். நமக்கு அத்தான், மச்சாள். அத்தான் என்று சொன்னவுடனேயே நம் மொழியில் பகிடியும் சலுகையும் சேர்ந்துவிடுகிறது. அக்கா இறந்தால் தங்கையை அத்தானுக்கே கட்டிக்கொடுத்த குடும்பங்கள் முந்திய தலைமுறையில் உண்டு. அதனால் இரண்டு மூன்று பேர் இதைக் கள்ளக்காதல் கதையாக வாசித்துவிட்டு வந்திருந்தார்கள். அவன் தூரிகையை எடுத்தது எப்போது, அவள் எந்த நிலையில் இருந்தாள், உடம்பில் வரைந்த பூக்களைக் கழுவ மறுக்க அவள் சொன்ன காரணம் என்ன என்று மூன்று கேள்வியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டோம். பூக்கள் இருந்தால் கனவு வருவதில்லை என்கிறாள். அவனுக்கு அது கலை, காமம். அவளுக்கு மருந்து. ஒரே கட்டிலில் இரண்டு பேர் இரண்டு வேறு காரியம் செய்கிறார்கள் என்பது விளங்கியபின் 'காதல்' என்ற சொல் திரும்ப வரவில்லை.

ஆணும் பெண்ணும் கலந்த அமர்வில் இந்தப் பகுதியைச் சத்தமாக வாசிக்க முயன்றது பிழை. ஒரு பந்தியோடு நிறுத்தி, அரை மணித்தியாலம் மௌன வாசிப்பாக மாற்றினோம். பெண்கள் தனியாக ஒரு மேசையில் கதைத்துவிட்டு, விரும்பியதை மட்டும் பொதுவில் சொன்னார்கள்.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெபோரா ஸ்மித்தின் ஆங்கிலம் கொரிய வாசகர்களால் கடுமையாக விவாதிக்கப்பட்டது. கொரியத்தில் பாதத்தைக் குறிக்கும் 'பல்' என்ற சொல்லும் கையைக் குறிக்கும் 'ப்பல்' என்ற சொல்லும் காதுக்கு நெருங்கியவை. ஓரிடத்தில் பாதம் கையாகிவிட்டது பிரபலமான உதாரணம். கொரிய வினைச்சொல் ஆணா பெண்ணா என்று காட்டாது, எழுவாயும் அடிக்கடி மறையும். தமிழில் வினைமுற்றே 'ஆன்', 'ஆள்', 'ஆர்' என்று ஆளைக் கட்டிப்போடுகிறது. மங்கலாக இருந்த வரி தமிழுக்கு வரும்போது யாராவது ஒருவர் தலையில் விழுந்தாகவேண்டும். வாசகர் இதை அறிந்திருப்பது நல்லது. ஆனால் அதையே பிடித்துக்கொண்டு அமர்வை மொழிபெயர்ப்புக் குற்றப்பத்திரிகையாக்க விடக்கூடாது. ஆங்கிலப் பிரதி வைத்திருந்தவர்களுக்கு அந்த ஆசை இருந்தது.

மூன்றாம் அமர்வு: தலைகீழ்

மனநல ஆஸ்பத்திரியில் யொங்ஹே கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கிறாள். மரங்கள் கைகளால்தான் நிற்கின்றன என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கையிலிருந்து வேர், உடம்பிலிருந்து இலை. சாப்பாடு வேண்டாம், வெயிலும் தண்ணீரும் போதும்.

இந்த இடத்தில் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், தமிழ் படிப்பித்தவர், காரைக்கால் அம்மையாரைக் கொண்டுவந்தார். அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் புனிதவதி ஒரு சாதாரண வணிகனின் சாதாரண மனைவி. மாங்கனி விசயத்தில் அவளிடம் ஏதோ வித்தியாசம் இருப்பதைக் கண்ட கணவன் பயந்து கப்பலேறுகிறான், இன்னொருத்தியைக் கட்டுகிறான். திரும்பச் சந்திக்கும்போது காலில் விழுகிறான். அவனுக்காகத் தாங்கிய உடம்பு இனி எதற்கு என்று கேட்டு, தசையைக் கழித்துப் பேயுருவம் வாங்குகிறாள். கைலாயத்தைக் காலால் மிதிக்கக்கூடாதென்று தலையால் நடந்து ஏறுகிறாள். கோணேசர் கோயில் கொண்ட இந்த ஊர் தட்சிண கைலாயம் என்று பெயர் பெற்றது. தசையை உதறித் தலைகீழாக மலை ஏறிய பெண்ணை இந்த ஊரில் யாரும் விசர் என்று சொல்வதில்லை. கோயிலில் வைத்துக் கும்பிடுகிறோம்.

ஒப்பீடு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு ஆபத்தானது. சைவப் பற்றுள்ள இருவருக்கு மனம் நொந்தது. அடியாரையும் நோயாளியையும் ஒரே தட்டில் வைக்கலாமா? அவர்களுடைய ஆட்சேபம் பக்தி சார்ந்தது மட்டுமல்ல, பிரதி சார்ந்தும் சரியானது. அம்மையார் கேட்கிறார், கேட்டது கிடைக்கிறது, 'அம்மையே' என்று அழைக்கப்படுகிறார், 101 வெண்பாவில் அற்புதத் திருவந்தாதி பாடுகிறார். யொங்ஹேயை யாரும் அழைக்கவில்லை. அவளிடம் பாட்டு இல்லை, எடை குறையும் உடம்பு மட்டும் இருக்கிறது. எங்கள் மதிப்பீடு: செயலை ஒப்பிடலாம், கணவனின் பயத்தை நிச்சயமாக ஒப்பிடலாம், முடிவை ஒப்பிடக்கூடாது. முடிவையும் ஒப்பிட்டால் பட்டினியால் சாகும் பெண்ணை அடியாராக்கி நிம்மதி அடைந்துவிடுவோம். அந்த நிம்மதியை நாவல் தரவில்லை.

அதைத் தடுத்தவர் தாதி. மூக்கு வழிக் குழாய் என்பது என்ன என்று அவர் சொன்னார். மூக்கு நுனியிலிருந்து காதுமடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனை வரை அளந்து குறிப்பார்கள். தலைப்பக்கம் உயர்ந்திருக்கவேண்டும். நோயாளி விழுங்கி ஒத்துழைத்தால் இறங்கும். எதிர்த்தால் மூச்சுக்குழாய்க்குள் போகலாம், அதனால்தான் உள்ளே போனபின் இரைப்பை நீரின் அமிலத்தன்மையைப் பார்க்கிறார்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு வேகமாக ஊட்டினாலும் இரத்தத்தில் பொஸ்பேற் இறங்கி ஆள் போய்விடலாம். நாவலில் பலர் பிடித்திருக்க, எதிர்க்கும் உடம்புக்குள் குழாய் போகிறது, இரத்தம் வருகிறது, இன்ஹே தடுக்கப் பாய்கிறாள். கடமையில் இருந்தால் தானும் பிடித்திருப்பேன், வாசிக்கும்போது இன்ஹேயோடு பாய்ந்தேன் என்று தாதி சொன்னதற்கு யாரிடமும் மறுமொழி இல்லை. 'தொ' குறி போடுவதா வேண்டாமா என்று அந்தப் பக்கத்தில் மட்டும் வாசகர்கள் பிரிந்தார்கள். சிலர் போட்டு அழித்திருந்தார்கள். பிரதியில் அந்த அழிப்பு இன்னும் தெரிகிறது.

யுத்தம் என்ற பொறி

அப்பா வியட்நாம் யுத்தத்தில் சண்டையிட்டவர், அதைப் பெருமையாகச் சொல்பவர். மகளைக் கடித்த நாயை மோட்டார் சைக்கிளில் கட்டி இழுத்துக் கொன்று, அந்த இறைச்சியை வீட்டில் சமைத்தபோது சிறுமி யொங்ஹேயும் சாப்பிட்டாள். இந்த இரண்டு தகவலையும் சேர்த்ததும், 2006 யுத்தத்தில் இந்த நகரமும் மூதூரும் சம்பூரும் கண்டவற்றை நினைக்காமல் இருக்க இங்கே யாராலும் முடியாது. குவாங்ஜு என்ற பெயரும், 1980இல் அங்கே நடந்த படுகொலையும் தெரிந்தவர்களுக்கு இழுப்பு இன்னும் கூட. மூன்றாம் அமர்வின் கடைசி 40 நிமிடம் நாவலில் இல்லாத யுத்தத்துக்குப் போனது.

அந்தப் பேச்சை நிறுத்தியது யாருக்கும் நல்லதாக இருந்திராது. ஆனால் நாவலுக்கு நடந்தது இதுதான்: யொங்ஹே திரும்பவும் ஒரு காரணம் பெற்றுவிட்டாள். யுத்தம் பாதித்த பெண் என்றானதும் எல்லோருக்கும் இலகுவாகிவிட்டது. கணவன் கேட்டதும் அப்பா கேட்டதும் இந்தக் காரணத்தைத்தானே என்று கிண்ணியா ஆசிரியை ஒருவர் கேட்டார். அடுத்தமுறை யுத்தப் பேச்சுக்கு நேரம் தனியாக ஒதுக்கி, அதை அமர்வின் தொடக்கத்தில் வைக்கவேண்டும். முடிவில் வந்தால் அது எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

நாலாவது போயா: அக்கா

கடைசி அமர்வுக்கு 9 பேர். யொங்ஹேயைப் பற்றியதாக இருக்கும் என்று ஆயத்தமாகப் போனோம். பேசப்பட்டவள் இன்ஹே. அழகுசாதனக் கடை நடத்தி, புருஷனைத் தாங்கி, பிள்ளையை வளர்த்து, தங்கையின் ஆஸ்பத்திரிக் காசு கட்டி, மழையில் பஸ்ஸில் போகும் அக்கா. அறையிலிருந்த பெண்களில் பாதிப்பேர் மூத்த பெண்பிள்ளைகள். அப்பாவுக்குக் குடி முறிய ரசம் வைத்துக் கொடுத்ததால்தான் தான் அடியிலிருந்து தப்பினேன், அடி முழுக்கத் தங்கைக்குப் போனது என்று இன்ஹே பிந்தி உணரும் இடத்தை நான்கு பேர் தனித்தனியே குறித்திருந்தார்கள். சாதாரணமாக இருப்பதற்கு அவள் கொடுத்த விலை அது என்றார் ஒருவர். சாதாரணமாக இருக்கக் கற்றுக்கொண்டவள் என்று திருத்தினார் இன்னொருவர்.

சின்ன வயதில் இருவரும் மலையில் வழிதவறியபோது, திரும்பிப் போகவேண்டாம் என்று யொங்ஹே சொல்லியிருக்கிறாள். அக்கா வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அது சரியா பிழையா என்பதில் அமர்வு முடிவுக்கு வரவில்லை. நடத்தியவர்களும் முடிவு சொல்லவில்லை.

கடைசிக் காட்சியில் அம்புலன்ஸில் போகும் இன்ஹே, வீதியோரத்து மரங்களை எதிர்த்துக் கேட்பதுபோல் பார்க்கிறாள். கோணேசர் கோயில் மலையில் பிள்ளைவரம் வேண்டி மரத்தில் தொட்டில் கட்டுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எங்களுக்கு மரம் என்றால் ஒன்றைக் கட்டிவிட்டு வருகிற இடம். இன்ஹேயின் கையில் கட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று மீன்பிடிக் குடும்பத்துப் பெண் கேட்டார். முதல் அமர்வில் கணவாயின் விலையைக் கணக்குப் போட்டவர் அவர்தான். பதிலுக்கு மற்றவர்கள் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. வெளிச்சத்துக்கு எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றுகொண்டு அந்தக் கடைசிப் பந்தியை இன்னொருமுறை வாசித்தார்கள்.